நிர்வாகியை அணுகவும்

சிஸ்டம் அக்காவுக்குக் கோபம் வருவது யாருக்கும் புதிதில்லை. வராவிட்டால்தான் அவளை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் கவலைப்படுவார்கள். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்கள். நாற்பத்தாறு வயது. தோளில் ஒரு பை. அதற்குள் மூன்று ஸ்க்ரூடிரைவர், பென்டிரைவ் ஒரு கொத்து, எப்போதோ செத்துப்போன ஒரு ஹார்டு டிஸ்க், தலைவலி மாத்திரை ஓர் அட்டை. இரண்டு பல் மருத்துவர்கள், ஒரு கண்ணாடிக் கடை, ஓர் அச்சகம், கார் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு பள்ளி என்று பதினான்கு இடங்களின் கம்ப்யூட்டர்கள் அவளை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. வீட்டிலிருந்த ஒரே கம்ப்யூட்டர் மட்டும் ஏழு மாதமாக ஓடவில்லை. அதைப் பற்றிப் பேச்செடுக்கும் தைரியம் வேன் ஓட்டுகிற கணவருக்கு இல்லை. கல்லூரிக்குப் போகும் மகளுக்கு உண்டு, ஆனால் எடுத்துப் பலனில்லை.

எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அவள் காதில் விழுவது ஒரே வாக்கியம்தான்: "நாங்க ஒண்ணுமே பண்ணலைக்கா." இருபத்திரண்டு வருஷமாக அதைக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. ஒன்றுமே பண்ணாமல் ஒரு கம்ப்யூட்டர் தானாகக் கெடுமா? கெடாது. யாரோ எதையோ தொட்டிருப்பார்கள். தொட்டது யார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இது அவள் கொள்கை. மகள்கூடச் சொல்வாள், "அம்மா, நீங்க ரிப்பேர் பண்றதில்லை, போலீஸ் விசாரணை பண்றீங்க."

இன்னொரு கொள்கையும் உண்டு. எதையும் எழுதி வைக்க மாட்டாள். ஆரம்பத்தில் அப்படி இல்லை. முதன்முதலில் சேர்ந்த கம்பெனியில், எந்த மெஷினில் என்ன செய்தோம், எதற்காகச் செய்தோம் என்று நீல மையில் பக்கம் பக்கமாக எழுதுவாள். ஆறு வருஷம் எழுதிய நோட்டு. ஒருநாள் முதலாளி அந்த நோட்டைக் கேட்டு வாங்கினார். மறுவாரம் புதிதாக வந்த ஒருவன் கையில் அது இருந்தது. அவள் கையில் வேலையை விட்டுப் போகச் சொல்லும் கடிதம் இருந்தது. அன்றிலிருந்து எல்லாம் தலைக்குள்தான். "என் மண்டையை யாரும் பிடுங்கிக்கிட்டுப் போக முடியாதுல்ல?" என்பாள். அந்த நினைவாற்றலைப் பற்றி அவளுக்கு நிறையவே கர்வம் இருந்தது.

அன்றைக்குக் காலை எட்டு மணிக்குக் காது மெஷின் பொருத்தும் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. அது இரண்டே அறை கொண்ட இடம். முன்னறையில் வரவேற்புப் பெண்ணின் மேஜையும் பெரிய கம்ப்யூட்டரும். உள்ளே, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டி, வெளிச்சத்தம் புகாமல் அடைத்த அறை. காதைச் சோதிப்பதும் மெஷினைச் சரிபண்ணிப் பொருத்துவதும் அங்கேதான். அங்கே ஒரு சின்னக் கம்ப்யூட்டர். வந்தவர்களின் விவரமெல்லாம் முன்னறைக் கம்ப்யூட்டரில் இருக்கும். உள்ளே இருப்பது அங்கிருந்து எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். முந்தின நாள் சாயங்காலம் முன்னறைக் கம்ப்யூட்டர் புகை விட்டு நின்றுவிட்டது.

"உள்ளே இருக்கறதுலயே தனியா ஓட்டிக்கலாம் மேடம். பத்து நிமிஷ வேலை," என்றாள் அக்கா. 'பத்து நிமிஷம்' என்று வாயைத் திறந்து சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் பட்டிருக்கிறாள். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

பத்தரை மணிக்கு உள்ளறையில் உட்கார்ந்து, காது மெஷினைச் சரிபண்ணும் புரோகிராமைத் திறந்தாள். திரையின் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்தது. 'தரவு வைக்கும் ஃபோல்டரை உருவாக்க முடியவில்லை. உங்கள் நிர்வாகியை அணுகவும்.'

"நிர்வாகியே நான்தாண்டா," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

கிளினிக்கை நடத்தும் டெஸ்ட் மேடம் அவளை வாசல் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். பொறுமைக்குப் பெயர்போன மனுஷி. அன்றைக்குக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். வெளியே நாற்காலியில் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவர் பஸ் டிப்போவில் முப்பது வருஷம் இன்ஜின் வேலை பார்த்த மெக்கானிக். இன்ஜின் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டிருந்தது. மனைவி ஒரு சலவைக் கடைக் கவுண்டரில் இருந்தவர்.

"பதினோரு வருஷமா அந்தம்மா இவரைக் காது மெஷின் வாங்கச் சொல்லிக் கெஞ்சிக்கிட்டிருந்தாங்க. எனக்கு நல்லாத்தான் கேக்குதுன்னே காலத்தை ஓட்டிட்டாரு," என்றார் மேடம். "இப்போ அந்தம்மாவுக்குக் குரல்வளையில கட்டி. நாளைக்குக் காலையில குரல்வளையையே எடுக்கறாங்க. இன்னிக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில சேரணும். தேதி குறிச்சதும் மனுஷன் தானே ஓடி வந்து டெஸ்ட் எடுத்துக்கிட்டாரு. மெஷின் நேத்துதான் வந்துச்சு. அவங்க பேச்சை அவரு ஒரு தடவையாவது நல்லாக் கேட்டுடணும். அவ்வளவுதான் விஷயம்."

"வேற கிளினிக்?"

"இதே மெஷினைச் சரிபண்றவங்க நாலு மணி நேரம் தள்ளி இருக்காங்க."

புது காது மெஷின் என்பது வெறும் பிளாஸ்டிக். எந்தக் காதுக்கு எந்தச் சத்தத்தை எவ்வளவு தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று புரோகிராம் வழியாக அதற்குள் ஏற்றினால்தான் அது பேசும். புரோகிராமோ ஃபோல்டர் இல்லாமல் ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. மூன்று மணிக்கு அவர்கள் கிளம்பியாக வேண்டும். அக்கா முழங்கை வரை சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

முதலில் ரீஸ்டார்ட். அதே பெட்டி. நிர்வாகி உரிமையோடு திறந்து பார்த்தாள். அதே பெட்டி. ஆன்டிவைரஸை நிறுத்தினாள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு கல்யாண வீடியோவே வைக்கிற அளவுக்கு இருந்தது. எழுத அனுமதி யார் யாருக்கு இருக்கிறது என்று பார்த்தாள், எல்லோருக்கும் இருந்தது. புரோகிராமை வேரோடு பிடுங்கி மறுபடி நட்டாள். அதற்கு முக்கால் மணி நேரம். நீலக்கோடு ஊர்ந்து ஊர்ந்து நூறு சதவீதத்தைத் தொட்டு, 'வெற்றிகரமாக நிறுவப்பட்டது' என்று பெருமையடித்துக்கொண்டு, திறந்ததும் அதே சாம்பல் பெட்டியைக் காட்டியது.

"யாரு இதைத் தொட்டது?" விசாரணை தொடங்கியது. குற்றவாளி தயாராகவே இருந்தாள்: வரவேற்புப் பெண், வேலைக்கு வந்து எட்டு மாதம்.

"நான் இந்த ரூம் கம்ப்யூட்டர்ல கை வச்சதே இல்லைக்கா."

"எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. பாட்டு ஏதாவது இறக்கினியா? போட்டோ? உண்மையைச் சொன்னா சீக்கிரம் முடியும்."

"சத்தியமா இல்லைக்கா."

"அப்போ பேய் வந்து பண்ணிச்சா?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் அவளைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்லி அனுப்பினார். அக்கா அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

இதற்குள் தம்பதியை உள்ளறையிலேயே உட்கார வைத்திருந்தார்கள். மெக்கானிக் நிமிஷத்துக்கொரு தடவை, எதிர் ரோட்டில் நிற்பவனைக் கூப்பிடுகிற குரலில், "என்னாச்சு? ஸ்டார்ட் ஆகலையா?" என்று கேட்டார். மனைவி அவர் காதருகே போய், "ஏதோ ஃபோல்டர் பண்ண முடியலையாம்!" என்றார். சொரசொரவென்று, தரையில் பெட்டியை இழுக்கிற மாதிரி ஒரு குரல். அதைக் கேட்கிறவர்களுக்கே தொண்டை வலித்தது. மெக்கானிக்கோ பாதி உதட்டைப் பார்த்து, மீதியை ஊகித்து, "ஆமாமா, பேட்டரிதான் போயிருக்கும்," என்று தலையாட்டினார். மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

பன்னிரண்டரை மணிக்கு அக்கா தன் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, புரோகிராம் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். இருபத்தைந்து நிமிஷம் ஒரு புல்லாங்குழல். நடுநடுவே, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது.' கடைசியில் ஓர் இளைஞன் வந்தான்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?"

"நாலு தடவை."

"நிர்வாகியா உள்ள போய்ப் பாருங்க மேடம்."

"நான்தாம்ப்பா நிர்வாகி."

"சரிங்க மேடம். அப்போ உங்க நிர்வாகியைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்க மேடம்."

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள். மேலதிகாரிகளுக்கு அனுப்பி வைப்பதாகவும், இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்றும் சொல்லி, சேவையை மதிப்பிடும்படி அவன் கேட்டுக்கொண்டான். அவள் என்ன மதிப்பிட்டாள் என்பதை இங்கே எழுத முடியாது.

மணி ஒன்றே கால். கம்ப்யூட்டர் தானே எழுதி வைக்கும் பதிவுகளுக்குள் புகுந்து ஒவ்வொரு வரியாகத் தோண்டிக்கொண்டிருந்தாள். கழுத்து மரத்துப்போயிருந்தது. பக்கத்தில் மெக்கானிக்கின் மனைவி பேசிக்கொண்டே இருந்தார். நாளைக்கு நின்றுபோகப் போகிற பேச்சு இன்றைக்கே தீர்ந்துவிடட்டும் என்று இறைப்பது போல இருந்தது. அவர் கடையில் வேலை பார்த்தபோது வந்த வாடிக்கையாளர்களைப் பற்றி, மகன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி, இந்த அறையின் வெளிச்சத்தைப் பற்றி. பிறகு திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, அதுக்குத்தான் அந்த ஃபோல்டரைப் பண்ண வரலைங்குதே. நீயே கையால ஒண்ணு பண்ணி வச்சுட்டா என்ன?"

பதினைந்து வயதில் கம்ப்யூட்டர் சென்டரில் கற்றுத்தரும் முதல் பாடம் அது. ஃபோல்டர் போடுவது எப்படி! புரோகிராமே போட முடியாத ஃபோல்டரை வலது கிளிக் பண்ணிப் போட வேண்டுமாம். அக்காவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"அம்மா, கொஞ்ச நேரம் பேசாம இருக்கீங்களா?"

சொல்லி முடிக்கும் முன்பே தான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. மேடம் சுவரைப் பார்த்தார். மெக்கானிக் மட்டும் எதுவும் காதில் விழாமல் எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

மனைவி சிரித்தார். அது இருமலில் போய் முடிந்தது. "நாளையிலேர்ந்து இருக்கேன்மா," என்றார்.

அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் மன்னிப்புக் கேட்டுப் பழகியவள் இல்லை. அதற்குப் பதிலாக அந்த அம்மா சொன்னதைச் செய்தாள். வெறும் வெட்கத்தினால்தான் செய்தாள். ஃபோல்டர் இருக்க வேண்டிய இடத்துக்குப் போய், வலது கிளிக் பண்ணி, புதிய ஃபோல்டர் போட்டு, புரோகிராம் கேட்கிற பெயரை எழுத்துக்கூட்டி அடித்தாள்.

'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது. வேறு பெயர் கொடுக்கவும்.'

ஃபைலா? ஒரு இடத்தில் ஒரு பெயரில் ஒன்றுதான் இருக்க முடியும். அந்தப் பெயரில் ஒரு ஃபைல் உட்கார்ந்திருந்தால் ஃபோல்டர் எப்படி வரும்? மறைத்து வைத்தவற்றைக் காட்டச் சொன்னாள். மங்கலாக ஒன்று தெரிந்தது. அளவு பூஜ்யம். உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. யாரும் அழிக்க முடியாதபடி பூட்டு வேறு.

"எந்த மடையன் இதைப் பண்ணி வச்சான்?" என்று பல்லைக் கடித்தாள். "வேணும்னே பண்ணியிருக்கான் மேடம். புரோகிராம் ஃபோல்டர் போடக்கூடாதுன்னு திட்டம் போட்டுப் பண்ணியிருக்கான். யாருன்னு பாருங்க, இப்போ பேரோட காட்றேன்."

அந்த ஃபைலின் உரிமையாளர் பெயரைத் திறந்தாள். அவளுடைய பெயர் இருந்தது. தேதி ஆறு வருஷத்துக்கு முந்தியது.

வெள்ளம் மாதிரி எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், இரண்டு அறைக்கும் இடையே போகும் ஒயர் அடிக்கடி விட்டுவிட்டுப் போகும். தொடர்பு அறுந்த நேரமெல்லாம் இந்தப் புரோகிராம் சத்தமில்லாமல் உள்ளேயே தனி ஃபோல்டர் போட்டு, பாதிப் பேரின் விவரத்தை இங்கேயும் பாதியை அங்கேயும் வைக்கும். ஒருவருக்கு இன்னொருவரின் அளவை ஏற்றிவிட்டதில், பாவம் அவர் இரண்டு வாரம் தலைவலியோடு அலைந்தார். அக்கா ஒயரை மாற்றினாள். அதோடு நிற்கவில்லை. அதே பெயரில் ஒரு வெற்று ஃபைலைப் போட்டு, மறைத்து, பூட்டிவிட்டாள். இனி இது எந்த ஜென்மத்திலும் இங்கே ஃபோல்டர் போடாது. அன்றைக்கு அந்தத் தந்திரத்தை நினைத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனது வரை நினைவிருந்தது. ஒரு துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தால் போதும். எழுதவில்லை. மண்டையில் இருக்கிறதே!

"யாருக்கா வச்சது?" என்று கேட்டார் மேடம்.

"ஏதோ பழைய ஃபைல்," என்றாள் அக்கா.

பூட்டைக் கழற்றி, அழித்து, புரோகிராமைத் திறந்தாள். மொத்தம் பத்து வினாடி. புரோகிராம் தன் ஃபோல்டரைப் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல் வணக்கம் சொன்னது.

மேடத்துக்கு அதற்கு மேல் கேள்வி கேட்க நேரமில்லை. மெஷின்களை ஒயரில் மாட்டினார். பழைய டெஸ்ட் விவரம் முன்னறைக் கம்ப்யூட்டரோடு போய்விட்டதால், மெக்கானிக்கை உட்கார வைத்து மறுபடி ஒவ்வொரு சத்தமாக ஓட்டினார். கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். அவர் கேட்காததற்கும் தூக்கினார். பழக்க தோஷம். மேடம் கண்டிப்பான முகத்தோடு எழுதிக் காட்டினார்: 'கேட்டால் மட்டும்.' அக்கா மூலையில் நின்றுகொண்டிருந்தாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். வேலை முடிந்தது, யாருக்கும் எதுவும் தெரியாது. 'ஏதோ பழைய ஃபைல்' என்பது உலகத்தில் உள்ள எல்லா ரிப்பேர்காரர்களும் சொல்கிற பொய்தான். ஆனால் வரவேற்புப் பெண் மறுபடி தண்ணீர் கொண்டு வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். மூக்கு நுனி இன்னும் சிவந்திருந்தது.

"இரும்மா," என்றாள் அக்கா. இரண்டு காதிலும் மெஷினைப் பொருத்திவிட்டு மேடம் நிமிர்ந்த நேரம் அது. மணி இரண்டு இருபது. "அந்த ஃபைலை வச்சது நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி. எழுதி வைக்கலை, மறந்துட்டேன். இந்தப் பொண்ணு மேல பழியைப் போட்டுட்டேன்." பிறகு மெக்கானிக்கின் மனைவி பக்கம் திரும்பினாள். அங்கே பேசுவது இன்னும் கஷ்டமாக இருந்தது. "உங்க நேரத்துல மூணு மணி நேரத்தை நான்தாம்மா சாப்பிட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க."

"விடும்மா," என்றார் அந்த அம்மா. "உனக்கு மூணு மணி நேரம் ஆச்சு. இந்த மனுஷனுக்குப் பதினோரு வருஷம் ஆச்சு."

மெக்கானிக் நிமிர்ந்தார். கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு மேடத்தை, பிறகு வரவேற்புப் பெண்ணை.

"யாரு பேசினது?" என்று கேட்டார்.

"நான்தாங்க," என்றார் மனைவி.

அவர் மனைவியின் வாயையே பார்த்தார். உதடு அசைந்ததையும் வந்த சத்தத்தையும் சேர்த்துப் பார்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இத்தனை நாளும் உதட்டைப் படித்து, அதன் மேல் தனக்குத் தெரிந்த பழைய குரலைத் தானே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கேட்க வேண்டும் என்று அவர் ஓடி வந்தது அந்தப் பழைய குரலைத்தான்.

"இது உன் குரலா? எப்பலேர்ந்து இப்படி?"

"ஒண்ணரை வருஷம் ஆச்சு."

"என்கிட்ட சொல்லலையே!"

"சொன்னேன்."

மெக்கானிக்கின் முகம் கோணிப்போனது. அக்கா நினைத்துக்கொண்டாள்: தன் மூன்று மணி நேரத்தை மன்னித்துவிட்டார்கள்; இந்த ஒன்றரை வருஷத்தை யாரிடம் போய்க் கேட்பது? மேடம் குனிந்து, "சத்தம் கரகரன்னு இருக்கா? கொஞ்சம் குறைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்மா!" என்று கத்தினார் மெக்கானிக். கத்திய சத்தம் அவர் காதிலேயே விழுந்து, அவரே ஒரு கணம் அதிர்ந்து போனார். இத்தனை வருஷமும் இப்படித்தான் பேசினோமா என்பது போல மனைவியைப் பார்த்தார். மனைவி ஆமாம் என்று தலையாட்டினார்.

அவர் நாற்காலியை இழுத்து மனைவிக்கு முட்டி இடிக்கிற அளவுக்கு நெருக்கமாகப் போட்டுக்கொண்டார். "வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்," என்றார், இந்த முறை மெதுவாக. பிறகு அதைவிடவும் மெதுவாக, "நீ பேசு," என்றார்.

காலையிலிருந்து நிறுத்தாமல் பேசிய அந்த அம்மாவுக்கு இப்போது ஒன்றும் வரவில்லை. கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

"முதல்ல அந்தச் சட்டைப் பொத்தானைச் சரியாப் போடுங்க," என்றார். "ஒண்ணு விட்டு ஒண்ணு மாட்டியிருக்கீங்க. கிளம்பறப்பவே சொன்னேன்."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடி மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. மூன்று மணிக்கு இன்னும் முப்பது நிமிஷம் இருந்தது. அந்த அம்மாவும் திட்டுவதை நிறுத்தவில்லை.